கம்யூனிட்டி காலேஜில் கிரிமினல் ஜஸ்டிஸ், பாராலீகல் படிப்பு: தமிழ்ப் பள்ளி வாசலில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீமாண்ட் பக்கம் இருக்கிறேன். கல்யாணமாகி, கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து ஆறேழு வருஷம் "சும்மா" இருந்துவிட்டு (இரண்டு பிள்ளைகளை வளர்ப்பதற்கு நம்மூரில் அதுதானே பெயர்), பிறகு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷப் படிப்புக் கல்லூரி) சாயங்கால வகுப்புகளாகச் சேர்த்துச் சேர்த்து பாராலீகல் சான்றிதழ் வாங்கியவள் நான். நடுவில் ஆசைக்கு கிரிமினல் ஜஸ்டிஸ் வகுப்புகளும் நாலு எடுத்தேன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். இதில் வருவதெல்லாம் கலிபோர்னியா கணக்கு, டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்கள் அந்தந்த மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலேஜ் இணையதளத்தில் 'கிரிமினல் ஜஸ்டிஸ்' என்று தேடினால் ஒன்றும் வரவில்லையே?

இங்கே பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் அதற்கு 'அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்' என்று பெயர், சுருக்கமாக ஏஜே. அந்தப் பெயரில் தேடுங்கள், வரும்.

அதுவும் பாராலீகல் படிப்பும் ஒன்றுதானா?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு ஒரு வருஷத்தை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். ஏஜே என்றால் குற்றம், போலீஸ், கோர்ட், சிறை என்று அரசாங்கம் ஒருவரைப் பிடித்து விசாரித்துத் தண்டிக்கும் வழி முழுக்க. பாராலீகல் என்றால் வக்கீல் ஆபீஸ் வேலை. அதில் பாதிக்கு மேல் சிவில் சமாச்சாரம்: ஒப்பந்தத் தகராறு, உயில், விவாகரத்து, கம்பெனி பதிவு, விபத்து நஷ்டஈடு. கொலை வழக்கு பார்க்கலாம் என்று பாராலீகலில் சேர்ந்தால் முதல் செமஸ்டரிலேயே பதில் மனுவுக்குக் கெடு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது, எல்லோருக்கும் பிடிக்காது.

இதைப் படித்தால் வக்கீல் ஆகலாமா?

நேராக ஆக முடியாது. இங்கே வக்கீலாக, முதலில் ஏதாவதொரு நாலு வருஷ டிகிரி, அப்புறம் எல்சாட் நுழைவுத் தேர்வு, மூன்று வருஷம் லா ஸ்கூல், கடைசியில் பார் என்கிற உரிமத் தேர்வு. கம்யூனிட்டி காலேஜ் என்பது அந்த நாலில் முதல் இரண்டு. இப்படி 2+2+3 என்று போகிறவர்களுக்குக் கைகொடுக்க 2014-இல் மாநில அளவில் ஒரு திட்டம் தொடங்கினார்கள், அதில் சேர்ந்திருக்கும் காலேஜ்களில் லா ஸ்கூலுக்குப் போக நினைப்பவர்களுக்கென்று தனி ஆலோசகர் இருப்பார். உங்கள் காலேஜ் அதில் இருக்கிறதா என்று ஆலோசனை அறையில் கேளுங்கள்.

இன்னொன்று. லா ஸ்கூலுக்கு இந்தப் பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்ற விதியே கிடையாது, வரலாறு, கணிதம், இசை எது படித்தாலும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் வக்கீலாவதுதான் குறி என்றால் ஏஜே கட்டாயம் இல்லை. நிறைய வாசிக்கவும் எழுதவும் வைக்கும் பாடமாக எடுத்து, மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் வந்தால் போதும்.

கலிபோர்னியாவில் ஒரு விசித்திரமான பக்கவாசலும் உண்டு. இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பை (60 யூனிட், அதாவது பாட அலகு) வைத்துக்கொண்டு, லா ஸ்கூல் பக்கமே போகாமல், ஒரு வக்கீலிடமோ நீதிபதியிடமோ நாலு வருஷம் உட்கார்ந்து படித்துவிட்டு பார் தேர்வு எழுதலாம். முதல் வருஷ முடிவில் ஒரு தேர்வு வேறு வைப்பார்கள், 'பேபி பார்' என்பார்கள். கிம் கார்டாஷியன் போன வழி என்றால் உங்கள் பெண்ணுக்கு உடனே தெரியும். நம்மூரில் சீனியரிடம் ஜூனியராக இருப்பதுபோலத்தான், ஆனால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் கூட வைத்துச் சொல்லிக்கொடுக்கிற சீனியர் கிடைக்க வேண்டுமே. நான் யாருக்கும் இதைச் சொல்வதில்லை.

செலவு?

கலிபோர்னியாவாசி என்றால் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், 2012-லிருந்து இதேதான். இரண்டு வருஷ டிகிரிக்கு 60 யூனிட், பெருக்கினால் 2,760. டி அன்ஸா மாதிரி குவார்ட்டர் முறையில் நடக்கும் இடங்களில் யூனிட்டுக்கு 31, ஆனால் யூனிட் எண்ணிக்கை 90, கடைசியில் ஏறத்தாழ அதே பணம்தான். வருமானம் குறைவு என்றால் ப்ராமிஸ் கிராண்ட் மூலம் இந்தக் கட்டணமும் போய்விடும். அப்புறம் பார்க்கிங், ஹெல்த் ஃபீஸ், புத்தகம். சட்டப் புத்தகம் விலை வயிற்றைக் கலக்கும், புத்தகச் செலவு இல்லாத வகுப்புகளுக்கு அட்டவணையில் ஒரு குறி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து எடுங்கள்.

எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களும் ஒரு வருஷத்துக்கு மேல் இங்கேயே குடியிருந்ததைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம்தான். இது பல பேருக்குத் தெரியவில்லை, பல மடங்கு அதிகமான வெளிமாநிலக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள். எஃப்-1 மாணவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மத்திய அரசின் கல்வி உதவித்தொகை எச்-4-க்குக் கிடைக்காது.

வகுப்பில் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

காலேஜுக்குக் காலேஜ் கொஞ்சம் மாறும், ஆனால் மாநிலம் முழுக்க ஒரு பொது வரிசை இருக்கிறது. முன்னுரை வகுப்பு, குற்றவியல் சட்டம், கோர்ட் நடைமுறை, சாட்சியச் சட்டம், புலன்விசாரணை, தடயவியல் அறிமுகம், சிறைத்துறை, சிறார் நீதி, சமூகமும் நீதித்துறையும். இதில் எனக்குப் பிடித்தது சாட்சியச் சட்டமும் கோர்ட் நடைமுறையும்தான், காரணம் அவை கதை கதையாக வரும்.

கிடியன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1961, ஃப்ளோரிடாவில் பனாமா சிட்டி. ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியை உடைத்துச் சில்லறை திருடினான் என்று கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழையைப் பிடிக்கிறார்கள். எனக்கு வக்கீல் வைத்துக்கொடுங்கள் என்கிறான், மரண தண்டனை வழக்காக இருந்தால்தான் தருவோம் என்கிறார் நீதிபதி. தானே வாதாடித் தோற்று ஐந்து வருஷத் தண்டனை. சிறையிலிருந்து பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதிப் போடுகிறான். 1963-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, பெரிய குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதி இல்லாதவனுக்கு அரசாங்கமே வக்கீல் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். மறுவிசாரணையில் வக்கீலோடு போனான், ஜூரி விடுதலை செய்துவிட்டது. இன்றைக்கு இந்த நாட்டின் கோர்ட்டுகளில் நிற்கிற பப்ளிக் டிஃபெண்டர்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்கு அந்தப் பென்சில்தான் காரணம் என்று எங்கள் ஆசிரியர் சொல்வார். எண்ணிக்கை ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான், ஆனாலும் எனக்கு மறக்கவில்லை.

மிராண்டா கதை இதற்கு நேர் எதிர். சினிமாவில் போலீஸ்காரர் விலங்கு மாட்டிக்கொண்டே "நீ பேசாமல் இருக்கலாம்" என்று ஒப்பிப்பாரே, அது 1966 தீர்ப்பிலிருந்து வந்தது. எர்னஸ்டோ மிராண்டா ஜெயித்தார், ஆனால் விடுதலையாகவில்லை. உரிமையைச் சொல்லாமல் போலீஸ் வாங்கிய அவர் வாக்குமூலத்தை 1967-இல் ஒதுக்கிவைத்துவிட்டு வேறு சாட்சியத்தை வைத்து மறுபடி தண்டித்தார்கள்.

இங்கே நான் கையைத் தூக்கி ஒன்று சொன்னேன்: இந்தியாவில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமே ஆகாது, வெள்ளைக்காரன் காலத்து 1872 சட்டத்திலிருந்தே அப்படித்தான் என்று. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆசிரியர் முன்னாள் போலீஸ் அதிகாரி. "அப்படியென்றால் உங்கள் ஊரில் போலீஸ் யாரையும் அடிப்பதில்லையா?" என்று கேட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

செல்போனைப் பற்றி ஒரு கலிபோர்னியா வழக்கு உண்டு, ரைலி, 2014. சான் டியேகோவில் ரைலி என்பவரின் காரை நிறுத்திய போலீஸ் அவர் போனைத் துழாவிப் பார்த்தது செல்லாது, கைது செய்தாலும் போனுக்குள் போக வாரண்ட் வேண்டும் என்று தீர்ப்பு. பதினாறு வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் இதையாவது வீட்டில் பேசுங்கள்.

என் பையன் போலீஸாக வேண்டும் என்கிறான். இந்த டிகிரி முடித்தால் எடுத்துக்கொள்வார்களா?

(இந்தக் கேள்வியை எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். ஏதோ அசிங்கம் நடந்துவிட்ட மாதிரி. ஊரில் மாமா எஸ்.ஐ. என்றால் பெருமை, இங்கே பையன் ஆபீஸர் என்றால் ஏன் கூச்சம், தெரியவில்லை.)

டிகிரி வேறு, அகாடமி வேறு. போலீஸாக, பயிற்சித் தரத்தை நிர்ணயிக்கும் மாநிலத்தின் போஸ்ட் ஆணையம் அங்கீகரித்த அகாடமியை முடிக்க வேண்டும், குறைந்தது 664 மணி நேரம், பல இடங்களில் அதைவிட அதிகம். சில கம்யூனிட்டி காலேஜ்களே அகாடமி நடத்துகின்றன, விட்டியரில் ரியோ ஹோண்டோ, ஹண்டிங்டன் பீச்சில் கோல்டன் வெஸ்ட் போல. ஏதாவது ஒரு போலீஸ் துறை முதலில் வேலைக்கு எடுத்துக்கொண்டால் சம்பளத்தோடு அகாடமிக்கு அனுப்பும், இல்லையென்றால் சொந்தக் காசு. பொதுவாக 21 வயது ஆகியிருக்க வேண்டும், 2022-லிருந்து. அதற்கு முன் 18 போதும் என்று இருந்தது. மாநில விதிப்படி ஹைஸ்கூல் முடித்திருந்தாலே போதும், ஆனால் 18 வயதில் முடித்துவிட்டு 21 வரை என்ன செய்வான்? அங்கேதான் இந்த இரண்டு வருஷப் படிப்பு பொருந்துகிறது.

பையனிடம் இப்போதே சொல்லவேண்டியது பின்னணி விசாரணையைப் பற்றி. பழைய வேலை, கடன், போதைப்பொருள், ட்ராஃபிக் டிக்கெட், சமூக வலைத்தளத்தில் போட்டது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், எல்லாம் தோண்டுவார்கள். படிப்பில் பி வாங்கியதால் ஆள் எடுக்காமல் விடுவதில்லை, விண்ணப்பத்தில் பொய் சொன்னதால் விடுகிறார்கள்.

சிட்டிசனாக இருக்க வேண்டுமா?

கலிபோர்னியா போலீஸுக்கு 2023 தொடக்கத்திலிருந்து வேண்டியதில்லை, சட்டப்படி வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் எச்-4 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது, ஆகவே கிரீன் கார்டு வந்த பிறகு யோசிப்பதுதான் நடைமுறை. எஃப்பிஐ ஏஜென்ட் ஆக சிட்டிசன்ஷிப்பும் நாலு வருஷ டிகிரியும் கட்டாயம்.

போலீஸ் வேண்டாம், வேறு வேலை?

911 அழைப்பு எடுப்பவர், கோர்ட் கிளார்க், சிறார் இல்லப் பணியாளர், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுகிறவர், கடைகளில் திருட்டுத் தடுப்பு. ப்ரொபேஷன் ஆபீஸர் வேலைக்குப் பல கவுன்ட்டிகள் நாலு வருஷ டிகிரி கேட்கின்றன. 911 வேலைக்குப் பொறுமை வேண்டும், இரவு ஷிஃப்ட் உண்டு, ஆனால் சம்பளமும் ஓய்வூதியமும் மோசமில்லை, நம் ஆட்கள் ஏன் அந்தப் பக்கமே போவதில்லை என்று எனக்கு வியப்பு.

தடயவியல்? டிவியில் வருகிற மாதிரி லேப் வேலை?

அப்படியானால் வேதியியலோ உயிரியலோ படிக்கச் சொல்லுங்கள். லேபில் உட்கார்ந்து டிஎன்ஏ பார்க்கிறவர்கள் அறிவியல் பட்டதாரிகள். ஏஜே தடயவியல் வகுப்பு கைரேகை, புகைப்படம், சாட்சியப் பொருளை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிவைப்பது, இந்த அளவோடு நின்றுவிடும்.

பாராலீகல் பற்றிச் சொல்லுங்கள். சான்றிதழ் வாங்கினால் உடனே வேலை செய்யலாமா?

சரி, என் வயிற்றுப்பிழைப்புக்கு வருவோம்.

கலிபோர்னியாவில் யார் வேண்டுமானாலும் தன்னை பாராலீகல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2001-லிருந்து அதற்குச் சட்டமே இருக்கிறது. அமெரிக்கன் பார் அசோசியேஷன் அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் குறைந்தது 24 யூனிட் சட்டப் பாடங்களோடு பாராலீகல் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், அல்லது ஏதாவது ஒரு பாடத்தில் பேச்சலர் டிகிரியோடு ஒரு வக்கீலிடம் ஒரு வருஷம் வேலை பார்த்து அவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஊரில் பி.காம்., பி.ஏ. முடித்துவிட்டு வந்தவர்கள் சான்றிதழ் மட்டும் வாங்கினால் போதுமா, முழு ஏஎஸ் (இரண்டு வருஷ) டிகிரியும் வேண்டுமா என்று கேட்பார்கள். ஊர் டிகிரியை மதிப்பீடு செய்யும் நிறுவனத்திடம் கொடுத்து சமமான டிகிரி என்று வாங்கிக்கொண்டால் சான்றிதழே போதும், நான் அப்படித்தான் செய்தேன். வேலையில் சேர்ந்த பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாலு மணி நேரம் தொழில் நெறி, நாலு மணி நேரம் சட்டம் என்று வகுப்பு போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

வேலை என்பது மனு வரைவது, ஆவணம் தேடுவது, கெடு தவறாமல் காலண்டர் பார்ப்பது, கட்சிக்காரரிடம் தகவல் வாங்குவது. எதுவும் வக்கீலின் மேற்பார்வையில்தான். சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது, கோர்ட்டில் ஆஜராகக்கூடாது, கட்டணம் நிர்ணயிக்கக்கூடாது. இதை எழுதும்போது எனக்கு நவராத்திரி கொலு ஞாபகம் வருகிறது. சுண்டல் கையில் கொடுத்துக்கொண்டே "நீங்கதான் லா படிச்சிருக்கீங்களே, எங்க கிரீன் கார்டு ஃபார்மைப் பார்த்துச் சொல்லுங்களேன்" என்பார்கள். சொல்லக்கூடாது அக்கா. சொன்னால் உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. இமிக்ரேஷன் விஷயத்தில் ஆலோசனை தர வக்கீலுக்கும், அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனத்தில் மத்திய அரசின் நீதித் துறையிடம் அனுமதி வாங்கிய பிரதிநிதிக்கும்தான் உரிமை. அந்தப் பிரதிநிதி ஆக வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, தமிழ் தெரிந்த பாராலீகல்களுக்கு அது நல்ல வழி.

சம்பளம்? நாடு தழுவிய சராசரிக்காரர் வருஷத்துக்கு 60,000 டாலரை ஒட்டி வாங்குகிறார். பே ஏரியாவில் கூடுதல் கிடைக்கும், வாடகையும் கூடுதல். முதல் வேலை கிடைப்பதுதான் கஷ்டம். எனக்கு எட்டு மாசம் ஆனது. ஒரு ஆபீஸில் இன்டர்ன் என்று எடுத்துக்கொண்டு மூன்று மாசம் பெட்டி பெட்டியாகக் காகிதம் ஸ்கேன் செய்யவிட்டார்கள், ஒரு மனுவைக் கூடக் கண்ணில் காட்டவில்லை. இன்டர்ன்ஷிப் கேட்கும்போதே என்ன வேலை தருவீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எச்-4 என்றால் ஈஏடி (வேலை அனுமதி அட்டை) கையில் இல்லாமல் வேலையில் உட்காராதீர்கள், படிக்க மட்டும் தடையில்லை.

நான் சென்னையில் அட்வகேட்டாக இருந்தவள். எனக்கும் பாராலீகல்தானா?

தயவுசெய்து வேண்டாம்! பார் கவுன்சிலில் பதிவாகி நல்ல நிலையில் இருக்கிற வெளிநாட்டு வக்கீல் கலிபோர்னியா பார் தேர்வை எல்எல்எம் படிக்காமலே எழுதலாம். பி.எல். மட்டும் முடித்து என்ரோல் செய்யாதவர்கள்தான் இங்கே ஒரு லா ஸ்கூலில் மேல்படிப்பு படிக்க வேண்டியிருக்கும். தேர்வு கடினம், தெரிந்துகொண்டு இறங்குங்கள். படிக்கும் காலத்தில் கைச்செலவுக்கு பாராலீகல் வேலை பார்ப்பது வேறு விஷயம்.

இரண்டு வருஷம் முடித்து பல்கலைக்கழகத்துக்கு மாற முடியுமா?

முடியும். 'டிரான்ஸ்ஃபர் டிகிரி' என்று கேட்டு அதில் சேருங்கள், ஏஜே-க்கு அது ஏஎஸ்-டி. 2010-இல் வந்த சட்டப்படி, அதை முடித்தவருக்குக் கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) அமைப்பில் மூன்றாம் வருஷத்தில் ஒரு இடம் நிச்சயம். எந்த வளாகம் என்பது நிச்சயமில்லை, சான் ஹோசே கேட்டு வேறு ஊர் கிடைத்தவர்கள் உண்டு. யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) போக வேண்டும் என்றால் ஜாக்கிரதை: ஏஜே வகுப்புகள் எல்லாவற்றையும் யூசி ஏற்காது. அர்வைனில் குற்றவியல் துறை நன்றாக இருக்கிறது, பெர்க்லியில் லீகல் ஸ்டடீஸ் இருக்கிறது, ஆனால் எந்த வகுப்பு எங்கே செல்லும் என்பதை 'அசிஸ்ட்' தளத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு பதிவு செய்யுங்கள். ஆலோசகர் சொன்னார் என்று நம்பி விடாதீர்கள், அவருக்கு நூற்றுக்கணக்கில் மாணவர்கள்.

எஃப்-1-இல் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்ப வகை) பாடம் இல்லை, படிப்பு முடிந்து கிடைக்கிற ஓபிடி (வேலை அனுமதி) ஒரு வருஷம்தான், நீட்டிப்பு இல்லை.

நாற்பது வயதில் போய் உட்கார்ந்தால் சிரிக்க மாட்டார்களா?

என் வகுப்பில் லாரி ஓட்டுநர் ஒருவர், ராணுவத்திலிருந்து வந்த பெண் ஒருவர், ஹைஸ்கூல் பையன்கள், ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தவர் ஒருவர், கூடவே ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர். ஜெயிலுக்குப் போய் வந்தவர் சிறைத்துறை வகுப்பில் பேச ஆரம்பித்தால் ஆசிரியர் குறிப்பெடுப்பார். நீங்கள் எதற்கு யோசிக்கிறீர்கள்?

சிறையில் இருப்பவர்களும் கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறார்களாமே?

ஆமாம். 1994-இல் சிறைவாசிகளுக்கு பெல் கிராண்ட் உதவித்தொகையை நிறுத்தினார்கள், நாடெங்கும் சிறைக் கல்லூரிகள் மூடிக்கொண்டன. 2014-இல் கலிபோர்னியா சட்டம் போட்டு, சிறைக்குள் நேரில் போய் நடத்தும் வகுப்புக்கும் காலேஜ்களுக்கு மாநில நிதி கிடைக்கச் செய்தது. பெல் கிராண்ட் 2023 ஜூலையில் திரும்ப வந்தது. சான் க்வென்டின் சிறைக்குள்ளேயே மௌன்ட் தமல்பாய்ஸ் என்று ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது, 2022-இல் சொந்த அங்கீகாரமே வாங்கிவிட்டது.

ஹைஸ்கூல் படிக்கிற பெண்ணுக்கு இப்போதே எடுக்கலாமா?

எடுக்கலாம், பகுதி நேரமாக எடுத்தால் பெரும்பாலும் கட்டணமே வாங்க மாட்டார்கள். ஆனால் இந்த மதிப்பெண் காலத்துக்கும் கூடவே வரும், சி வாங்கிவிட்டு அழிக்க முடியாது.

எந்த வகுப்பில் தொடங்குவது?

ஏஜே என்றால் முன்னுரை வகுப்பு, பாராலீகல் என்றால் சட்ட ஆராய்ச்சியும் எழுத்தும். இரண்டில் எது என்று தெரியவில்லை என்றால் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் காலை உங்கள் கவுன்ட்டி கோர்ட்டுக்குப் போங்கள். பெரும்பாலான விசாரணை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம், அனுமதி கேட்க வேண்டாம், காசும் இல்லை. குற்றச்சாட்டு வாசிக்கும் அறை எது என்று கேட்டு, போனை அணைத்துவிட்டு, பின் வரிசையில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிஷம்தான், பெயர், குற்றம், ஜாமீன், அடுத்த தேதி. பத்து மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் பாதுகாப்புச் சோதனையில் வரிசை நீளமாக இருக்கும், பார்க்கிங்கும் கிடைக்காது.